இரண்டு லிட்டர் கிரைண்டர், லிலோங்வே: ஆறு வருடம் அரைத்த பிறகு

கிரைண்டருக்கு மதிப்புரை தேடினால் எல்லாரும் வாங்கிய மறுவாரமே எழுதியிருக்கிறார்கள். 'டெலிவரி சூப்பர், கலர் அழகு' என்பதோடு சரி. நான் வாங்கியது 2018 ஜூனில், பாளையங்கோட்டையில். ஜூலையில் அது எங்களோடு மலாவிக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஆறு வருடத்துக்கு மேலாகத் தலைநகர் லிலோங்வேயில் ஒரு பாஸ்டர் வீட்டு அடுக்களையில் ஓடுகிறது. ஓடாமல் கிடந்த மாதங்களும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்துக்குக் கிளம்பும் நம் பக்கத்துக் குடும்பங்கள் என்னைக் கூப்பிட்டால் முதலில் விசாவைப் பற்றிக் கேட்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? பாஸ்டரம்மாக்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, கிரைண்டர் கொண்டு வரலாமா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது.

மாடல்: டேபிள் டாப், இரண்டு லிட்டர், 150 வாட்ஸ் மோட்டார், கூம்புக் கல் இரண்டு, எவர்சில்வர் டிரம். கோயம்புத்தூர்த் தயாரிப்பு. தேங்காய் துருவியும் மாவு பிசையும் கம்பியும் இலவசமாகத் தந்தார்கள். தேங்காய் இங்கே எப்போதாவதுதான் கண்ணில் படும், ஆகவே துருவி பெட்டியிலேயே இருக்கிறது. கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே சில குறைகள் வரும், அதில் பாதி என் தப்பு.

முதலில் எடை. எங்கள் டிக்கெட்டுக்கு ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி. கிரைண்டர் அட்டையோடு சேர்த்துப் பதினொன்றரைக் கிலோ. முற்றத்தில் தராசு வைத்து நிறுத்துக்கொண்டிருந்தபோது அத்தை வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஊழியத்துக்குப் போறவக வேதபுத்தகத்தைக் கட்டுவாக. இவ கல்லைல்லா கட்டுதா" என்றார்கள். "வேதபுத்தகம் அங்க அவுக பாஷையிலயே இருக்கு அத்தை, 1922-லயே முழுசா வந்துட்டு. கல்லுதான் இல்ல" என்றேன். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி பேசவில்லை.

மொத்தமாக ஒரு பெட்டியில் வைக்காதீர்கள். கல் இரண்டையும் பழைய துண்டில் சுற்றி ஒரு பெட்டி, டிரம்முக்குள்ளே உளுந்தை நிரப்பி இன்னொரு பெட்டி, மோட்டார் பகுதி துணிமணிகளுக்கு நடுவே மூன்றாவது பெட்டி என்று நாங்கள் பிரித்தோம். பம்பாய் விமான நிலையத்தில் கல் இருந்த பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஸ்கேனரில் பார்த்தவருக்கு அது என்னவென்று விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற தமிழ்ப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்து "சார், இட்லி சார்" என்றான். விட்டுவிட்டார்கள்.

இங்கே வந்தபின் எங்க வீட்டு ஐயா, அதாவது என் வீட்டுக்காரர் பாஸ்டர், ஒரு கதை சொன்னார்கள். 1875-ல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் 'இலாலா' என்ற சின்ன நீராவிப் படகோடு இந்த நாட்டுக்குள் வந்தார்கள். ஷீரே ஆற்றில் அருவிகள் வரிசையாகக் குறுக்கே நின்றதால் படகைத் துண்டு துண்டாகக் கழற்றி, நூற்றுக்கணக்கான உள்ளூர் ஆட்கள் சுமந்து மேட்டைக் கடந்து, மேலே மறுபடி பூட்டி, அக்டோபர் மாதம் மலாவி ஏரியில் விட்டார்களாம். பின்னாளில் ஏரியில் ஓடிய பயணிகள் கப்பலுக்கும் அதே பெயரை வைத்தார்கள். அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் கிரைண்டருக்கும் இலாலா என்றே பெயர். அந்த அருவிகள் இந்தக் கதையில் இன்னொரு தரம் வரும்.

வந்த முதல் வாரமே மாட்டி ஓட்டினேன். கரண்ட் இங்கேயும் 230 வோல்ட்தான், டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் வேண்டாம். பிளக் மட்டும் இங்கிலாந்துக்காரன் விட்டுப்போன சதுர மூன்று முள். அடாப்டர் வாங்கினால் ஓடும்போது அதிர்ந்து அதிர்ந்து கழன்றுவிடும். பிளக்கையே மாற்றிவிடுங்கள், ஸ்க்ரூ டிரைவர் வேலைதான்.

அரைப்பு பற்றிக் குறையே சொல்ல முடியாது. உளுந்து நாற்பது நிமிடத்தில் வெண்ணெய் மாதிரி உப்பி வருகிறது. கல் சூடாவதில்லை. ஓரத்தில் ஒட்டுவதை ஒரு கரண்டியால் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தால் போதும். கழற்றிக் கழுவுவது எளிது. ஆறு வருடத்தில் கல் இன்னும் ஒரு தடவைகூடக் கொத்தவில்லை. இதை எழுதினால் அம்மா நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை.

கிரைண்டருக்குள் என்ன போடுவது என்பதுதான் இங்கே பெரிய பாடு. இட்லி அரிசி கிடையாது. வடக்கே கரோங்காவில் விளையும் கிலோம்பெரோ அரிசி ஊரெல்லாம் பேர் பெற்றது, வாசனை அருமை, சோற்றுக்கு அதைவிட நல்லது கேட்காது. இட்லிக்குப் போட்டால் களி. சந்தையில் கிடைக்கும் ஃபாயா என்ற சாதாரண அரிசியை எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஒரு கைப்பிடி பழைய சோறு சேர்த்து அரைத்தால் நம்ம ஊர் இட்லிக்குப் பெரியம்மா மகள் மாதிரி ஒன்று வரும். உளுந்து, ஏரியா 2-ல் இருக்கும் குஜராத்திக் கடைகளில் கிடைக்கிறது. (இந்த ஊரில் பேட்டைகளுக்குப் பெரும்பாலும் எண்தான் பெயர். அடுத்தடுத்த எண் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்று நம்பிக் கிளம்பினால் அலைவீர்கள்.) 2022 மே மாதம் இந்நாட்டுப் பணமான குவாச்சாவின் மதிப்பை 25 சதவீதம் குறைத்தார்கள், 2023 நவம்பரில் இன்னொரு 44 சதவீதம். இறக்குமதிச் சாமான் என்பதால் உளுந்து விலையில் அது அப்படியே தெரிந்தது. இப்போது நாலுக்கு ஒன்று என்பதை ஆறுக்கு ஒன்று ஆக்கிவிட்டேன்.

துவரைக்கு மட்டும் கவலை இல்லை. நண்டோலோ என்று இங்கே வயலெல்லாம் அதுதான். 2021-ல் இந்தியா ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 50,000 டன் துவரை வாங்குவதாக மலாவியோடு ஒப்பந்தம் போட்டது. அத்தை நெல்லைச் சந்தையில் வாங்கும் பருப்பு எங்கள் சபை அம்மாக்கள் விளைவித்ததாகக்கூட இருக்கலாம். இந்தியர்கள் இவ்வளவு நண்டோலோவை வாங்கி என்னதான் செய்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டபோது ஒரு சட்டி சாம்பார் வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு ஒருத்தி, "பாவம், கஞ்சியாக்கி விட்டீர்களே" என்றாள்.

பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை. சிச்சேவாவில் உப்பு 'ம்ச்செரே', வால் 'ம்ச்சீரா'. முதல் மாதம் கடையில் போய் ஒரு கிலோ வால் கேட்டேன். எந்த மிருகத்தின் வால் என்று கடைக்காரர் மரியாதையாகக் கேட்டார்.

அடுத்தது புளிப்பு. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து வராதீர்கள். லிலோங்வே கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே. ஜூன், ஜூலையில் விடியற்காலை ஸ்வெட்டர் இல்லாமல் கிணற்றடிக்குப் போக முடியாது. நாங்கள் வந்து இறங்கியதே ஜூலையில். மாவு அரைத்து வைத்தால் இரண்டு நாள் ஆனாலும் அரைத்த இடத்திலேயே படுத்துக் கிடக்கிறது. கிரைண்டரைச் சந்தேகப்பட்டேன், உளுந்தைச் சந்தேகப்பட்டேன், மூன்றாவது வாரம் என்னையே சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

தீர்த்துவைத்தது எங்கள் சபையில் மூத்த பாட்டி. இங்கே பாட்டியை 'அகோகோ' என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். காலை ஐந்தரைக்கு வாசலில் "ஓடி!" என்று குரல் வரும். உள்ளே வரலாமா என்று அர்த்தம். நாம் "ஓடினி" என்றால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வந்த காரியம் என்னவென்று கேட்கக்கூடாது. நலம் விசாரிப்பு முடிய ஐந்து நிமிடம் ஆகும், அதற்குப் பிறகுதான் காரியம் வரும், சிலநாள் காரியமே இருக்காது. அன்றைக்கு அகோகோ என் மாவுச் சட்டியைத் திறந்து பார்த்து, முகர்ந்து, "இது தூங்குது" என்றார்கள். மறுநாள் ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தார்கள். முளைகட்டிய கேழ்வரகைக் காயவைத்து இடித்த மாவு. தோப்வா என்ற இனிப்புப் புளிப்பான சோளக்கூழுக்கு இங்கே அதைத்தான் போடுவார்கள். அதில் ஒரு ஸ்பூனை என் மாவில் கலக்கி, சட்டியைச் சித்தேஞ்சி என்ற, பெண்கள் இடுப்பில் சுற்றும் துணியால் சுற்றி, இரவு சமைத்து முடித்த கரி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார்கள். காலையில் மாவு பொங்கித் தரையில் வழிந்திருந்தது. பாளையங்கோட்டையில்கூட எனக்கு அப்படிப் பொங்கியதில்லை.

அந்த இட்லியைச் சபையார் 'மந்தாசி ஓயேரா' என்கிறார்கள். மந்தாசி என்பது சாலையோரத்தில் விற்கும் எண்ணெய்ப் பலகாரம், ஓயேரா என்றால் வெள்ளை. நாம் இட்லியைப் பிய்த்துத் தொட்டுத் தின்போம். அவர்கள் நசீமா என்ற சோள மாவுக் களியைத் தின்கிற மாதிரியே உள்ளங்கையில் வைத்து உருட்டி, கட்டைவிரலால் ஒரு குழி அமுக்கி, அதில் சாம்பாரை அள்ளுவார்கள். நான் இத்தனை வருடம் சுட்டுச் சுட்டுப் பஞ்சு மாதிரி ஆக்கிய இட்லி மூன்று நொடியில் உருண்டையாகிவிடும். முதல் தடவை பார்த்தபோது நெஞ்சு வலித்தது. சட்னியைவிட, காய்ந்த உசிப்பா மீனைத் தக்காளியில் வதக்கித் தொட்டால் இன்னும் நன்றாக இருக்கிறது என்பது அவர்கள் தீர்ப்பு. உசிப்பா நம்ம நெத்திலிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நானும் இப்போது அப்படித்தான் தின்கிறேன், அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

இனி குறைகள்.

சத்தம். அட்டையில் 'சத்தமில்லா இயக்கம்' என்று அச்சடித்திருந்தது. பொய். மிக்சி அளவுக்கு இல்லை, ஆனால் பாஸ்டர் வீட்டில் இது ஒரு பிரச்சனை. எங்கள் முன்னறைதான் அலுவலகம், ஆலோசனை அறை, சில நாள் பாடகர் குழு பழகும் இடம். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லும்போது அடுக்களையில் கடகடவென்று கல் உருள்வது நன்றாக இல்லை. சனிக்கிழமை பிரசங்கம் ஆயத்தம் செய்கிற நேரம் வேறு. அதனால் நான் அரைக்கும் நேரம் இரவுக்குப் போனது.

அப்புறம் கரண்ட் என்னை நடுச்சாமத்துக்கே தள்ளியது. இங்கே மீட்டர் ப்ரீபெய்டு. போனில் காசு கட்டினால் இருபது இலக்க எண் வரும், அதை மீட்டரில் அமுக்கவேண்டும். யூனிட் இருக்கும், கரண்ட் இருக்காது. எங்கள் பேட்டைக்குக் கரண்ட் வருவது சில நாள் இரவு பதினொன்றுக்கு. எழுந்து அரைத்தேன். ஒரு நாள் அதிகாலை இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டு இரவுக் காவலாளி வந்து கதவைத் தட்டினார். பாஸ்டர் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ யந்திரம் உருளுகிறது என்று தெருவில் பேச்சாம். சோள மில் வைத்திருக்கிறோம் என்று பாதிப் பேர், மற்றப் பாதி என்ன நினைத்தார்கள் என்பதை அவர் சொல்லாமல் விட்டார். மறுநாள் மத்தியானம் ஐயா தெருக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, கிரைண்டரை முற்றத்தில் வைத்து ஓட்டிக் காட்டி, சுட்டதையும் கொடுத்தார்கள். அப்போது ஒரு பெண் வைத்த பெயர்தான் 'சிகாயோ ச்ச மாட்ஸி', தண்ணீர் மில். சிகாயோ என்றால் சோளம் அரைக்கும் மில், அது இல்லாத பேட்டையே இங்கே கிடையாது. இலாலா என்ற பெயர் எங்களோடு நின்றுபோனது.

அந்த மத்தியானம் வந்தவர்களில் இரண்டு குடும்பங்கள் இன்று எங்கள் சபையில் இருக்கிறார்கள். இட்லிக்காக வந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன், ஐயாவும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

பெல்ட். இதில் தப்பு என்னுடையது. நிலக்கடலை இங்கே கீரைக்கெல்லாம் சேர்மானம். பூசணி இலையையும் கடுகு இலையையும் இடித்த கடலைப் பொடி போட்டு வேகவைப்பார்கள், அந்தப் பொடிக்கு நசின்ஜிரோ என்று பெயர், கூட்டுக்குத் தேங்காய் போல. எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குக் கட்டட நிதி சேர்க்க வேண்டியிருந்தது. வறுத்த கடலையை இந்தத் தண்ணீர் மில்லில் அரைத்துப் பாட்டிலில் அடைத்து விற்போம் என்று ஒருத்தி சொல்ல, நான் தலையாட்டினேன். வெட் கிரைண்டரில் வெட் மட்டும்தான் அரைக்கவேண்டும். ஏழு பாட்டில் நல்லபடியாக வந்தது. எட்டாவதில் கடலை பசையாகிக் கல்லைப் பிடித்துக்கொண்டது, மோட்டார் முனகியது, ரப்பர் கருகிய வாடை, பெல்ட் போச்சு.

அது 2020 மே மாதம். விமானமே கிடையாது, ஊரிலிருந்து யாரும் வர வழியில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். வாரண்டி இந்தியாவுக்குள் மட்டும் என்று பதில் வந்தது. அதை அட்டையிலேயே எழுதியிருந்தார்கள், நான் படிக்கவில்லை. பெல்ட்டின் நம்பரையாவது சொல்லுங்கள் என்று மறுபடி எழுதினேன், பதில் இல்லை. இதற்குத்தான் ஒன்றரை நட்சத்திரம் குறைக்கிறேன். ஒரு நம்பர் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் பேட்டை சிகாயோக்காரர் வந்து பார்த்தார். அவர் சபைக்கு வருகிறவர் இல்லை. லாரி டியூப் ரப்பரை வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி ஒரு பெல்ட் செய்து மாட்டினார். காசு வாங்கவில்லை, ஒரு தட்டு வெள்ளை மந்தாசி போதும் என்றார். அந்தப் பெல்ட் மூன்று வாரம் ஓடியது. தேய்ந்ததும் இன்னொன்று வெட்டிக் கொடுத்தார். இப்படி நாலு டியூப் பெல்ட்டில் அந்த வருடத்தைத் தாண்டினோம். அசல் பெல்ட் அடுத்த வருடம்தான் வந்தது, ஊரிலிருந்து வந்த ஒரு ஊழியரின் சட்டைப் பையில்.

பெரிய அடி 2022 ஜனவரியில். அனா புயல் வந்து ஷீரே ஆறு கரைபுரண்டு கப்பிச்சிரா நீர்மின் நிலையத்தின் அணையை உடைத்துவிட்டது. நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் ஒரே நாளில் போனது. கப்பிச்சிரா என்பது நான் மேலே சொன்ன அருவி வரிசையில் கடைசி அருவி. இலாலாவைத் துண்டு போட்டுத் தூக்கவைத்த அதே அருவிகள் எங்கள் இலாலாவையும் நிறுத்திவிட்டன என்று ஐயா அந்த ஞாயிறு பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊறவைத்த அரிசி வீட்டில் கிடந்தது.

சோலார் பேனல் ஒன்று, பேட்டரி ஒன்று, மலிவான இன்வெர்ட்டர் ஒன்று வாங்கி மாட்டினோம். பல்பும் போனும் ஓடும். கிரைண்டரை மாட்டினால் தேனீக் கூடு மாதிரி உறுமும், மோட்டார் தொடமுடியாத சூடு. மலிவான இன்வெர்ட்டரின் கரண்ட் அலை சீராக இருக்காது, மோட்டாருக்கு அது ஆகாது, சுத்தமான சைன் வேவ் இன்வெர்ட்டர் வேண்டும் என்று பின்னால் ஒரு எலெக்ட்ரீஷியன் சொன்னார். அதன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். நீங்கள் வாங்குவதானால் முதலிலேயே அதை வாங்குங்கள்.

அப்புறம் என்ன செய்தேன்? அகோகோ வீட்டு முற்றத்தில் இரண்டு மர உரல் இருக்கிறது. ம்தோண்டோ என்பார்கள். நம்ம உரலைவிட உயரம், நின்றுகொண்டே குத்தலாம். ஊறிய அரிசியை அங்கே கொண்டுபோனேன். மூன்று பெண்கள் சுற்றி நின்று, மூன்று உலக்கை மாறி மாறி விழ, பாட்டோடு குத்தினார்கள். ஒருத்தி உலக்கையை மேலே எறிந்து, கை தட்டி, மறுபடி பிடிப்பாள். நானும் முயன்றேன், அந்தக் கதை வேண்டாம். அரிசி அரைமணியில் ரவையானது. உளுந்துதான் சரிப்படவில்லை. குத்தினால் நசுங்குகிறது, உப்பவில்லை. இட்லி தட்டையாக வந்தது. அதே மாவில் தோசையும் ஆப்பமும் கிரைண்டர் மாவைவிட நன்றாக இருந்தன, ஓரம் முறுகலாக. ஒன்றரை வருடத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இட்லி கிடையாது, தோசைதான்.

இதனால் எனக்கு நேர்ந்த நஷ்டம் லாபம் இரண்டையும் சொல்லிவிடுகிறேன். கிரைண்டர் ஓடிய வருடங்களில் நான் இரவில் தனியாக அரைத்தேன். உரலுக்குப் போன வருடத்தில் வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் அகோகோ முற்றத்தில் கழிந்தன. என் சிச்சேவா பேச்சு தேறியது அங்கேதான். யார் வீட்டில் சோளம் தீர்ந்துவிட்டது, யார் மகள் பள்ளிக்கூடம் நின்றுவிட்டாள், எந்தத் தகப்பன் வேலைக்குத் தென்னாப்பிரிக்கா போனவன் போன் எடுப்பதில்லை என்பதெல்லாம் முன்னறைச் சோபாவில் யாரும் சொல்லாத விஷயங்கள். உலக்கை விழும்போது சொல்வார்கள். ஐயாவுக்கு நான்தான் அந்த வருடம் விசிட்டிங் லிஸ்ட் போட்டுக்கொடுத்தேன்.

பாஸ்டரம்மாவின் வாரம் என்பது இங்கே பெரும்பாலும் துக்க வீடுதான் என்பதையும் வருகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. மாலிரோ, அதாவது சாவு, விழுந்துவிட்டால் வேலை, கடை எல்லாம் நிற்கும். ஊரே போகும். பெண்கள் விறகும் மாவும் தூக்கிக்கொண்டு போய், துக்க வீட்டு முற்றத்தில் பெரிய சட்டி வைத்து, வந்த எல்லாருக்கும் நசீமா கிண்டுவார்கள். இரவு பெண்கள் வீட்டுக்குள்ளே தரையில் படுத்துக்கொள்வார்கள். நானும் பாயைச் சுருட்டிக்கொண்டு போவேன். முதல் வருடம் ஒரு துக்க வீட்டுக்கு இட்லி அவித்துக் கொண்டுபோனேன். பெரிய தப்பு இல்லை, சாப்பிட்டார்கள். ஆனால் அகோகோ தனியாகக் கூப்பிட்டு, "மாயி புசா, துக்க வீட்டுக்கு மாவு கொண்டு வா, பலகாரம் வேண்டாம். சேர்ந்து கிண்டத்தான் வருகிறோம்" என்றார்கள். மாயி புசா என்றால் பாஸ்டரம்மா. அதிலிருந்து சோள மாவுதான்.

எங்கள் பாட்டி தினமும் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை மிஷனுக்கென்று தனிப் பானையில் போடுவார்கள். திருநெல்வேலிச் சபைகளில் பிடியரிசி என்றால் எல்லாருக்கும் தெரியும். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பிய காலத்துப் பழக்கம் என்று பாட்டி சொல்வார்கள். இதை உரலடியில் ஒரு நாள் சொன்னேன். அடுத்த ஞாயிறு இரண்டு பெண்கள் காணிக்கைக்கு ஒரு கிண்ணம் சோள மாவோடு ஆடிக்கொண்டே முன்னால் வந்தார்கள். நான் செய்யச் சொல்லவில்லை. ஏற்கனவே அவர்களிடம் அந்தப் பழக்கம் இருந்ததா என்று கேட்டதற்கு, "மாவு இல்லாத வீட்டுக்குக் கொடுப்பது பழக்கமா என்ன?" என்றாள் ஒருத்தி.

2023-ல் கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அதே வருடம் ஆகஸ்ட்டில் சபைக் கட்டடத்துக்குக் கூரை போட்டோம். நாங்கள் வந்தபோது வாடகைக்கு எடுத்த பள்ளி வகுப்பறை ஒன்று, ஆறு பெஞ்சு. இப்போது ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனை, பாய் விரித்துப் பெண்கள் ஒருபுறம், வெளியே மாமரத்தடியிலும் ஆட்கள். செங்கல் எல்லாம் சபையாரே மண் குழைத்து, அச்சில் அறுத்து, சூளை போட்டுச் சுட்டது. தகரம் மட்டும் வாங்கினது. பிரதிஷ்டைக்கு அசனம், அதாவது எல்லாருக்கும் சபை விருந்து, போடவேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் இல்லாமல் இருந்தால் எங்கள் ஊரில் அதை யாரும் பிரதிஷ்டை என்று சொல்லமாட்டார்கள்.

அன்றைக்குத்தான் கிரைண்டர் தன் சம்பளத்தைச் சம்பாதித்தது. நாலு வெள்ளாடு. கொத்தமல்லி, மிளகாய் வற்றல், சீரகம், வெங்காயம் எல்லாம் ஊறவைத்து முந்தின நாள் மத்தியானம் ஆரம்பித்து இரவு வரை ஏழு தரம் அரைத்தேன். நடுவில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனது. அந்த நேரத்துக்கு உரல். இரண்டிலும் அரைத்த மசாலாவை ஒரே அண்டாவில் கொட்டினோம். நசீமாவுக்கு ஆட்டுக் குழம்பு. மசாலா கல்லில் ஏறிய மஞ்சள் கறை இன்றுவரை போகவில்லை, மாவு அரைத்தால் முதல் கரண்டி லேசாக மஞ்சளாக வரும். அதற்கு நட்சத்திரம் குறைக்கவில்லை.

ஆக, அஞ்சுக்கு மூன்றரை. ஊறினதை மட்டும் அரையுங்கள். பெல்ட் இரண்டு கூடுதலாக, பிளக் ஒன்று, பெல்ட் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கிரைண்டருக்கு அடியில் ஒட்டி எடுத்து வாருங்கள். குழந்தைகள் இல்லாத இருவர் மட்டும் வருகிறீர்கள் என்றால் இரண்டு லிட்டர் அதிகம் என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். பாஸ்டர் வீட்டில் இருவர் மட்டும் சாப்பிட்ட நாள் எனக்கு ஞாபகம் இல்லை.

வரும் டிசம்பரில் ஊருக்கு விடுமுறைக்குப் போகிறோம். அகோகோவிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். சேலை, சால்வை ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தேன். என் போனில் அம்மா அம்மியில் சட்னி அரைக்கும் படம் ஒன்று இருக்கிறது, அதைக் காட்டி, "இந்தக் கல். நசின்ஜிரோவுக்கு. அந்தப் பெரிய பலகை வேண்டாம், உருட்டுகிற குழவி மட்டும் போதும்" என்றார்கள். அம்மாவுக்குப் போன் போட்டு எடை போடச் சொன்னேன். நாலே முக்கால் கிலோ. ஐயா அன்று ராத்திரியே பெட்டிக் கணக்கை மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டார்கள்.